சரிபார்க்க வேண்டாம்

நான் குடும்பநல உத்தியோகத்தர். சனங்கள் மிட்வைஃப் என்பார்கள், இளம் தாய்மார் அக்கா என்பார்கள். வன்னியில், ஏ9 பாதையை விட்டுக் கிழக்கே உள்ளே போகிற ஒரு சிறிய பட்டினத்துச் சுகாதார அலுவலகத்தில் வேலை. எந்தப் பட்டினம் என்று எழுதமாட்டேன். எழுதினால் இதில் வருகிற பெண்ணை அயலட்டைச் சனம் இன்னொரு தடவை கண்டுபிடித்துவிடும். ஒரு தடவை கண்டுபிடித்ததே போதும்.

எங்களுக்கு டெப், அதுதான் தட்டைக் கணினி, தந்ததிலிருந்து சொல்லவேண்டும். அதற்கு முதல் எல்லாம் கொப்பியில் எழுதுவதுதான். பிறகு ஆளுக்கொரு டெப் வந்தது. கைப்பையில் அடங்கக்கூடிய, கறுப்பு உறை போட்ட சாமான். வீட்டுக்கு வீடு போகும்போது தாயின் விபரங்களை அதில் பதிய வேண்டும். நாங்கள் போகிற குடியேற்றத் திட்டங்களில் காட்டுக் கரையில் சிக்னல் கிடையாது. ஆகையால் பதிந்ததைப் பின்னேரம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, அங்குள்ள வைஃபையில் இணைத்தால், எல்லாம் தலைமைக் கணினிக்குப் போய்ச் சேரும். கேட்க நல்லாய்த்தான் இருந்தது. கொப்பி சுமந்து தோள் நொந்த எங்களுக்குச் சந்தோசமும்கூட.

வைஃபையை டெப்பில் போட்டுத் தருவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனியின் ஆள் வந்தார். தமிழர்தான். முப்பது வயதிருக்கும், நல்ல சப்பாத்து, அவசரமான பேச்சு. அலுவலக மண்டபத்துச் சுவரில் படம் விழுத்தி, இதைத் தட்டுங்க, அதைத் தட்டுங்க என்று சொல்லிக்கொண்டு போனார். சுவரில் விழுந்ததெல்லாம் ஆங்கிலம். நாங்கள் விரலால் பின்தொடர்ந்தோம்.

வீட்டு வைஃபை என்றால் ஒரே ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், போட்டால் முடிந்தது. இது அப்படியில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். பெயரைத் தட்டியதும் ஒரு நீளமான பக்கம் திறந்து, என்ன முறை, என்ன சான்றிதழ் என்று கேள்வி கேட்கும். எங்களுக்குத் தந்த அந்தப் பெயரும் கடவுச்சொல்லும்தான் தாய்மாரின் பதிவுகளைத் திறக்கிற திறப்பும். இதை மறக்காமல் வைத்திருங்கள்.

என்னுடைய டெப்பை நான் முதல் நாளே தமிழுக்கு மாற்றியிருந்தேன். அவர் என் மேசைக்கு வந்து குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

“மிஸ், உங்கட ஸ்க்ரீன் ஏன் இப்படி இருக்கு? இங்கிலீஷுக்கு மாத்துங்க. தமிழ்ல எனக்குத் தேடத் தெரியாது.”

“நீங்கள் சொல்லுங்கோ, நான் தேடுறன்” என்றேன்.

மற்றவர்கள் ஆங்கிலத்தில் கவனிக்காமல் தட்டிவிட்டுப் போன வரி என் திரையில் துலக்கமாக நின்றது. சான்றிதழ் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே அவர் தெரிவுசெய்யச் சொன்ன பதில்: ‘சரிபார்க்க வேண்டாம்.’

“என்னத்தைச் சரிபார்க்க வேண்டாமாம்?” என்று கேட்டேன்.

“அது ஒண்ணுமில்ல மிஸ். தட்டிட்டுக் கீழ போங்க.”

“இல்லைத் தம்பி, என்னத்தை எண்டு சொல்லுங்கோ.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “நீங்க பாஸ்வேர்ட் குடுக்கிறதுக்கு முன்னால, அந்தப் பக்கம் இருக்கிறது உண்மையாவே ஒஃபிஸ் நெட்வர்க்தானான்னு டெப் செக் பண்ணும். அதுக்கு ஒரு சர்டிஃபிகேட் ஃபைல் போடணும். இப்போதைக்குத் தேவையில்ல.”

“ஏன் தேவையில்லை?”

“இங்க கொண்டு வரல்ல.”

“மற்ற இடங்களில?”

“கொழும்புல போட்டுக் குடுத்திருக்கோம். அங்க ஆட்கள் கூட. இங்க யாரு மிஸ் வந்து ஏமாத்தப் போறாங்க? யானைதான் வரும்.”

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யானை எங்களுக்குப் பகிடி இல்லை. விளைந்த வயலைத் துவைத்துவிட்டுப் போகும், சுவரை இடித்து நெல்மூட்டையை இழுக்கும், ஆளை அடித்தும் இருக்கிறது. அது ஒரு கோபம். அதைவிடப் பெரிய கோபம், கொழும்புத் தாய்க்கு ஒரு பூட்டு, எங்கள் தாய்க்குப் பூட்டில்லாத கதவு என்று அவர் அவ்வளவு இலேசாகச் சொன்னது.

ஏனென்றால் அந்தப் பதிவுகளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். இரத்த அழுத்தமும் நிறையும் மட்டுமா இருக்கிறது? ஒரு பெண் அடுப்படிக் குசினிக்குள் எங்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்வதெல்லாம் இருக்கிறது. எத்தனையாவது பிள்ளை தங்கவில்லை, புருசன் அடிக்கிறானா, என்ன கருத்தடை பாவிக்கிறாள், அது வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது. தாயிடம்கூடச் சொல்லாததை எங்களிடம் சொல்வார்கள்.

“சேர்ட்டிபிக்கற் கொண்டு வந்து போட்டாப் பிறகு நான் இணைக்கிறன்” என்று டெப்பை மூடினேன்.

எங்களை மேற்பார்வை செய்கிற தாதியை நாங்கள் சிஸ்டர் என்போம். அவா மண்டபத்திலேயே என்னை ஏசினா. “எல்லாரும் அமத்தினது உமக்கு மட்டும் ஏன் ஏலாது? எப்ப பார்த்தாலும் ஒரு கேள்வி.” நான் இணைக்கவில்லை. என் கைத்தொலைபேசியின் டேட்டாவைத் திறந்து அதன் வழியாக டெப்பில் உள்ளதை அனுப்பிக்கொண்டிருந்தேன். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோதெல்லாம் அனுப்புறோம் மிஸ், அனுப்புறோம் மிஸ் என்றார்கள். அந்தக் கோப்பு வரவேயில்லை.

எனக்குப் பக்கத்துப் பிரிவைப் பார்ப்பவள் என் சிநேகிதி, என்னைவிட நல்லாய் இளையவள். கனகராயன்குளத்துப் பிள்ளை. தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்து, காடு வெட்டி, குடியிருந்தவர்கள். அவள் பிறந்ததும் படித்ததும் வன்னி மண்ணில்தான். தேயிலைச் செடியைப் படத்தில்தான் கண்டிருக்கிறாள். அதிகம் கதைக்கமாட்டாள். சொன்னதைச் செய்வாள். பயிற்சியன்றும் சொன்னபடி தட்டினாள், இணைத்தாள். அதில் அவள் பிழை ஒன்றுமில்லை. சொன்னவர்கள் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான்.

அவளின் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். வயல்காரக் குடும்பம், மூன்றும் பெண் பிள்ளைகள். மூன்றாவது பேற்றில் இரத்தம் போய்ச் செத்துப் பிழைத்தவள். இன்னும் ஒன்றைப் பெறப் பயம். வீட்டிலோ ஆண் பிள்ளை வேண்டும் என்று மாமியாரும் புருசனும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவள் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக்குக்கு வந்து கருத்தடை ஊசி போட்டுக்கொண்டு போவாள். கேட்டால் சின்னவளுக்குத் தடுப்பூசி, நிறை பார்ப்பது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். வீட்டுக்குத் தெரியாது என்றும் பதிவில் இருந்தது. வீட்டுக்குப் போகும் உத்தியோகத்தர் வாய்தவறிச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி எழுதுவோம்.

ஒருநாள் காலமை, கிளினிக் நிறையத் தாய்மார் இருக்கும்போது, அந்தப் பெண்ணின் புருசன் வாசலில் வந்து நின்று கத்தினான்.

“என்ர மனுசிக்கு என்ன ஊசி போட்டனீங்கள்? ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?”

என் சிநேகிதி எழுந்து வெளியே வந்தாள். “உள்ளுக்கு வாங்கோ அண்ணை, இருந்து கதைப்பம்.”

“என்னத்தைக் கதைக்கிறது? எல்லாம் உங்கட கொம்பியூட்டரில கிடக்காம். எனக்குத் தெரியக்கூடாது எண்டும் எழுதியிருக்காம். ஊர் முழுக்கச் சிரிக்குது.”

சிஸ்டர் வந்து அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பினா. யார் சொன்னது என்று கேட்டதற்கு அவன் பெயர் சொல்லவில்லை. அன்று பின்னேரமே அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு விரட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டோம். கன்னத்தில் அடித்த அடையாளம் இருந்ததாம்.

விசாரணை வைத்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அந்தப் பதிவைத் திறந்தது என் சிநேகிதியின் பெயரும் கடவுச்சொல்லும் என்று கணினி காட்டுகிறது என்றார்கள். அப்படியென்றால் அவள்தான் யாருக்கோ காட்டியிருக்கிறாள், அல்லது கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறாள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல” என்று மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

வெளியே விறாந்தையில் நின்ற ஒரு எழுதுவினைஞர், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “தோட்டத்து ஆக்கள். கதை காவாமல் இருக்கமாட்டினம்.”

“ஐயா, அவள் கனகராயன்குளம். நீங்கள் வேலைக்கு வர முதலே அவையள் இஞ்சை இருந்தவை” என்றேன். அவர் காதில் விழாதது மாதிரி வெற்றிலையைத் துப்பப் போனார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறின வயல்காரர் வீட்டுப் பிள்ளை. இந்தக் கதையை எங்கள் சனங்களின் வாயில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் புளித்துப்போகாமல் புதிதாகச் சொல்வார்கள்.

விசாரணை முடிந்து அவள் வெளியே வரும்போது மழை. பிரிவுக்குள் ஓடித் திரிகிற ஸ்கூட்டியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போய்வருவாள். அன்று நானும் கூட வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டால் நடத்திக் கூட்டிப்போய் பஸ் தரிப்பிடத்தில் இருத்தினேன். அலுவலகம் குளக்கட்டுக்கு அங்கால், பஸ் தரிப்பிடம் இங்கால். நடந்து வர எங்களுக்குக் கால் முழுக்கச் சேறு.

வாங்குப் பலகையில் இருந்தவள் பையிலிருந்து டெப்பை எடுத்தாள்.

“பாருங்கோ அக்கா, நான் என்ன எழுதினனான் எண்டு நீங்களே பாருங்கோ. ஒரு பொய்யும் இல்லை.”

“இஞ்சை றோட்டில வைச்சுத் திறவாதை பிள்ளை. உள்ளுக்கு வை.”

அவள் வைக்கப்போகும் நேரம் டெப் ஒரு சத்தம் போட்டது. திரையின் மேலே ஒரு வரி வந்தது: அலுவலக வைஃபையின் பெயர், பக்கத்தில் இணைந்துவிட்டது என்ற செய்தி. அலுவலகத்தின் கேற்றடியிலேயே அந்த வைஃபை தேய்ந்துவிடும், எங்களுக்குத் தெரிந்த விசயம். குளக்கட்டைத் தாண்டி, இந்த மழைக்குள், இங்கே எப்படி வந்தது? என் டெப்பை எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் அதே பெயர் நின்றது, ஆனால் நான் இணைக்காதபடியால் சும்மா நின்றது.

“இஞ்சை வாறநேரம் எல்லாம் இப்படித்தானோ?”

“ஓம் அக்கா. சத்தம் போடும். ஒஃபிஸ் வைஃபை எண்டுதானே போட்டிருக்கு எண்டு நான் பெரிசா எடுக்கேல்ல.”

டெப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தேன். கடைப்பக்கம் போனால் சிக்னல் கோடு குறைந்தது, றோட்டைக் கடந்தால் கூடியது. எதிரே இருந்த வீட்டு மதிலடிக்குப் போனதும் எல்லாக் கோடும் நிரம்பி நின்றது. அது வைஃபை பொருத்திய கம்பனிக்காரர் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த வீடு. அலுவலகத்தில் பொருத்தமுதல் வைஃபைப் பெட்டிகளையெல்லாம் அங்கே வைத்துத்தான் சரிபார்த்தார்கள். உள்ளூர் ஆள் ஒருவரையும் கம்பி இழுக்கிற வேலைக்கு எடுத்திருந்தார்கள். இது ஊருக்கே தெரியும்.

‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற வரிக்கு அப்போதுதான் எனக்கு முழுப் பொருள் விளங்கியது. அந்த வீட்டுப் பெட்டி அலுவலகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. நீ உண்மையில் அலுவலகம்தானா என்று கேட்கவேண்டாம் என்று நாங்கள்தான் டெப்புக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். அதுவும் கேட்காமல் எங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் அதன் கையில் கொடுத்துவிடுகிறது. பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொரு பின்னேரமும்.

திரும்பி அலுவலகத்துக்கு நடந்தோம். சிஸ்டரிடம் போகவில்லை. நேரே அலுவலகத்துக்குப் பொறுப்பான டொக்டரின் அறைக்குள் போனேன். டொக்டர் அம்மா இளம் ஆள், தலைக்கு மேலே வேலை. நான் சொன்னதை அவா முதலில் நம்பவில்லை.

“நீங்கள் நம்பவேண்டாம். உங்கட டெப்பையும் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றேன்.

அவா வந்தா. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். செருப்போடு சேற்றில் நடந்து வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றா. அவாவின் கையிலிருந்த டெப் சத்தம் போட்டது. அவா திரையைப் பார்த்தா, எதிர் வீட்டைப் பார்த்தா, அந்த இடத்திலேயே கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டா.

“ஆ, அது டெஸ்ட் பொக்ஸ் டொக்டர்” என்றது மறுமுனை. “ஓஃப் பண்ண மறந்துட்டாங்க போல.”

“அந்தப் பெட்டியில எங்கட ஆக்களின்ர பாஸ்வேர்ட் பதிஞ்சிருக்கோ?”

“டெஸ்டிங்குக்காக வர்ற எல்லாத்தையும் பதிஞ்சு லொக் ஃபைல்ல வச்சிருந்தோம் டொக்டர். அத யாரும் பாக்கமாட்டாங்க.”

யாரும் பார்க்கமாட்டார்களாம்! ஒருத்தி கன்னம் வீங்கித் தாய்வீட்டில் இருக்கிறாள், ஒருத்தி என் பக்கத்தில் அழுது களைத்து நிற்கிறாள். எனக்கு அந்தத் தொலைபேசியைப் பறித்துக் குளத்துக்குள் எறிய வேண்டும் போலிருந்தது.

பெட்டியை அன்றே நிறுத்தினார்கள். கம்பி இழுத்த அந்த உள்ளூர் ஆள் அடுத்த கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டோம். நின்றுவிட்டார் என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் புருசனும் அவரும் ஒன்றாய்ப் படித்தவர்கள் என்று ஊரில் சொன்னார்கள். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்று யாரும் விசாரிக்கவில்லை. என் சிநேகிதியை விசாரிக்க மட்டும் அதிகாரி வந்தாரே, அவர் இதற்கு வரவில்லை.

பிறகு அந்தச் சான்றிதழ்க் கோப்பு வந்தது. நான் கேட்டுக் கேட்டுக் களைத்த அதே கோப்பு. அதே கம்பனி ஆள்தான் கொண்டுவந்தார், அதே சப்பாத்து. ஒவ்வொரு டெப்பிலும் கோப்பை ஏற்றி, ‘சரிபார்க்க வேண்டாம்’ இருந்த இடத்தில் அதைத் தெரிவுசெய்து, கீழே அலுவலகக் கணினியின் பெயரை எழுதினார். எல்லோருக்கும் புதுக் கடவுச்சொல். ஒரு டெப்புக்குத் தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை. அந்த நேரத்தைத்தான் எங்களுக்குத் தர அவர்களுக்கு மனம் வரவில்லை.

“ஏன் இப்ப மாத்துறியள் எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ” என்றேன்.

“பொலிசி மாறியிருக்கு மிஸ்.”

“பொலிசி இல்லைத் தம்பி. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.”

அவர் அடுத்த டெப்பைக் கையில் எடுத்தார். சிஸ்டர், “விடுமன் இப்ப” என்றா. அப்போது பின்வரிசையிலிருந்து என் சிநேகிதி எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல எண்டு இப்ப ஆர் சொல்லுவினம்?”

முன்வரிசையில் இருந்த டொக்டர், “மேலிடத்துக்கு நான் எழுதுறன்” என்றா. எழுதியும் இருக்கிறா, எனக்குத் தெரியும். மேலிடத்திலிருந்து வந்த பதில்தான் வேறு. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே மேல் நடவடிக்கை இல்லை. உத்தியோகத்தர்கள் இனிமேல் கம்பியில்லா இணைப்பைப் பாவிக்கும்போது அவதானமாக இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். அவள் குற்றமற்றவள் என்று ஒரு வரி இல்லை. மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டு என்று எங்களுக்குச் சொன்னவர்கள், கண்ணைத் திறந்துவைக்கும்படி எங்களுக்கே புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை வாசித்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னபோது நான் போடவில்லை. இன்றைக்கும் போடவில்லை. அதற்கு என்ன செய்வார்களோ செய்யட்டும்.

அந்தப் பெண்ணைப் பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்தார்கள். இந்த இழுபறிக்குள் ஊசி போடவேண்டிய நாள் தவறிப்போய்விட்டது. பல மாதம் கழித்து அவள் கர்ப்பமாயிருக்கிறாள் என்று தகவல் வந்தது. பதிய வேண்டும். தனியே போக என் சிநேகிதிக்குத் தைரியம் வரவில்லை. நானும் கூடப் போனேன். ஒட்டுசுட்டான் பஸ் போகிற பாதையிலிருந்து உள்ளே, வயலோரமாக நல்ல தூரம்.

மாமியார் முற்றத்தில் நெல்லுக் காயவிட்டுக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டும் வாங்கோ என்று சொல்லவில்லை. அந்தப் பெண் வெளியே வந்து இரண்டு கதிரை எடுத்துப் போட்டாள். முன்னர் குசினிக்குள் கூப்பிடுகிறவள், அன்று முற்றத்திலேயே, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக இருந்தாள். என் சிநேகிதியை நேரே பார்த்தாள்.

“நான் உங்களுக்கு மட்டும்தானே அக்கா சொன்னனான்.”

நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பெட்டி, கம்பனி, எதிர் வீடு. எவ்வளவு சுருக்கிச் சொன்னாலும் அது அந்த முற்றத்தில் வெறும் சாட்டுப் போலவே கேட்டது. அவள் கை காட்டி நிறுத்தினாள்.

“சரி விடுங்கோ. எனக்கு உதுகள் விளங்காது.”

என் சிநேகிதி டெப்பை எடுத்து மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை. போன பேற்றில் இரத்தம் போனது, இந்த முறை ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும், பதிந்தால்தான் அது நடக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். உங்களுக்கு விருப்பமில்லாதது ஒன்றும் எழுதமாட்டேன் என்றும் சொன்னாள்.

அந்தப் பெண் மாமியார் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எழுதுங்கோ. இனி மறைக்க என்ன கிடக்கு?”